பீகிள் வளக்கப் போற மச்சானுக்கு

அன்பு மச்சான்,

ஹட்டன்ல மழை விட்டுச்சா? இங்க பண்டாரவளையில பகல்ல வெயிலு, ராவானா குளிரு தாங்க முடியல. மகளுக்கு ஓ.எல். பரீட்ச முடிஞ்சிருச்சு, அம்மாவும் சொகமா இருக்காங்க.

நீ பீகிள் நாய்க்குட்டி எடுக்கப் போறேன்னு போன்ல சொன்னதுலருந்து எனக்கு அதே நெனப்புதான், எங்க பீகிள் சூட்டிய வளத்து பாத்தவன்ங்கிறதால கொஞ்சம் வெவரமாவே எழுதுறேன். அது மடியில வச்சு கொஞ்சுறதுக்குன்னு உண்டான நாய் இல்லடா. இங்கிலாந்துல முயல் வேட்டைக்குன்னே வளத்தது, ஆளுக குதிரையில ஏறாம நடந்தே பின்னால போவாங்க. இப்ப நாம பாக்குற பீகிளுக்கு அடி, 1830கள்ல எஸ்ஸெக்ஸ்ல ஹனிவுட்னு ஒரு பாதிரியார் சேத்து வச்ச நாய்க் கூட்டந்தான். கூட்டமா ஓடனும், மணம் புடிச்சா கொரல் குடுக்கனும், அதுதான் அதுக்கு வேல. அதுனால தனியா கட்டிப் போட்டா ஊளையிட்டே ஊரக் கூட்டிரும், ஒங்க தோட்டத்து லயத்துல செவுரு ஒட்டுன வரிச வீடு, பக்கத்து வீட்டு ஆளுகள நெனச்சுக்க. ஆனா கொணம் தங்கம்டா, பிள்ளைகளோட அப்பிடி ஒட்டிக்கும், லேசுல கடிக்காது, காவலுக்கு மட்டும் நம்பாத.

மூக்கு பத்திதான் முக்கியமா சொல்லனும். அமெரிக்காவுல 1984லருந்து ஏர்போட்ல பேக்குக்குள்ள இருக்கிற பழம், எறச்சிய கண்டுபுடிக்க இந்த சாதியத்தான் வச்சிருக்காங்க. அந்த மூக்கு தேயில மலையில எறங்குனா என்னாகும்? காட்டுப்பன்னி, முள்ளம்பன்னி மணம் பட்டுச்சுன்னா தலைய குனிஞ்சிக்கிட்டு போயிட்டே இருக்கும், நீ கத்துறது காதுலயே விழாது. பன்னிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியில சிறுத்தையே மாட்டி சாகுது, இது எம்மாத்திரம்? சிறுத்தையும் லயத்துப் பக்கம் வந்து நாயத் தூக்கிட்டுப் போகுது. அதுனால கேட்டத் தாண்டுனா கயித்த அவுக்கவே கூடாது மச்சான், எவ்வளவு பழகுன நாயா இருந்தாலும். ராவுல வீட்டுக்குள்ளதான் படுக்கனும்.

சாப்பாடு எவ்வளவு போட்டாலும் இன்னும் கேக்கும், அந்தக் கண்ணப் பாத்து ஏமாறாத. வளந்த நாய் 10 கிலோ கணக்குல இருந்தா சரி, குண்டாயிட்டா முதுகும் மூட்டும் போயிரும். காது தொங்குறதால உள்ள காத்துப் போகாது, நம்ம பனிக்கும் மழைக்கும் ஈரம் நின்னு சீழ் வைக்கும், நனஞ்சு வந்தா ஒடனே தொடச்சு விடு. புல்லுல போயிட்டு வந்தா வெரலிடுக்கு, காது மடல்ல உண்ணி, அட்டை பாக்கனும். மூக்குல ரத்தம் வந்து தும்மிக்கிட்டே இருந்தா உள்ள அட்டை ஏறியிருக்கும், நீயா நோண்டாம மிருக டொக்டர்கிட்ட கொண்டு போ. விசர் நாய் ஊசிய வருஷா வருஷம் போட்டுரு.

ஒன்னு கேக்கனும், பகல்ல நீயும் தங்கச்சியும் வேலைக்குப் போயிட்டா வீட்டுல யாரு இருப்பா? ஒங்க அப்பா இருப்பாருன்னா தாராளமா எடு, அவருக்கும் காலையில நடக்க ஒரு தொண. யாரும் இல்லன்னா பிள்ளைகளுக்கு லீவு வர்ற வரைக்கும் பொறுத்து எடு. பொங்கலுக்கு அங்க வாறேன், சூட்டியோட சின்ன வயசு கொலரும் கயிறும் இருக்கு, கொண்டு வந்து தாறேன்.

அன்புடன்,
ஒன் மச்சான்