மைனரின் கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ இருக்கும் இங்கிலாந்தில், தெட்ஃபோர்டில் ஆற்றின் நடுவே சிறு தீவில் குதிரைமேல் ஒரு சர்தார் சிலை இருக்கிறது, யாரம்மா இவர் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

அவர் துலீப் சிங். பஞ்சாபை ஆண்ட ரஞ்சித் சிங்கின் கடைசி மகன், சீக்கிய அரசின் கடைசி மகாராஜா. 1838-இல் பிறந்தார். மறுவருடமே தகப்பனார் இறந்துவிட்டார். அடுத்த நான்கு ஆண்டுகள் லாகூர் அரண்மனையில் சதியும் கொலையும்தான். பட்டத்துக்கு வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சேர, 1843-இல் ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கி அரியணையில் வைத்தார்கள். பிள்ளையின் பெயரால் ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய தாய் ஜிந்த் கௌர்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கோகினூர் வைரத்தில் ஆரம்பித்துக் கோகினூரிலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கல்மேல் அவ்வளவு அக்கறை இல்லை. நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். என் மனம் அவரிடம் நாட்டை எழுதி வாங்கிய பத்திரத்திலேயே நிற்கிறது.

ஆங்கிலேயரோடு நடந்த முதல் போரில் சீக்கியர் தோற்ற பிறகு, 1846 டிசம்பரில் பைரோவாலில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். மகாராஜாவுக்குப் பதினாறு வயது நிறையும்வரை, அதாவது 1854 செப்டம்பர் வரை, பிரிட்டிஷ் ரெசிடெண்டின், அதாவது லாகூரில் இருந்த அவர்களுடைய பிரதிநிதியின், கீழ் ஒரு மன்றம் ஆட்சி நடத்தும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பாதுகாப்புக்கு லாகூரில் தங்கும். அந்தச் செலவுக்கு லாகூர் கஜானா வருடம் 22 லட்சம் ரூபாய் கொடுக்கும். நம் அலுவலக மொழியில் சொன்னால், மைனருக்குக் காப்பாளராகக் கம்பெனியே கையெழுத்துப் போட்டது. காப்பாளருக்குக் கூலியும் மைனர் சொத்திலிருந்தே.

1848-இல் முல்தானில் கலகம் வெடித்தது. இரண்டு ஆங்கில அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். அது பரவிப் போரானது. அந்த நேரம் முழுக்க இந்தப் பையன் லாகூரில், ரெசிடெண்டின் கண்ணெதிரே இருந்தான். நாட்டை அடக்கி ஆள வேண்டிய பொறுப்பு காப்பாளருடையது. ஆனால் தண்டனை மைனருக்கு. 1849 மார்ச் 29 அன்று பத்து வயதுப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினார்கள்: அரசுரிமை போயிற்று, அரசின் சொத்து முழுவதும் போயிற்று, வைரம் இங்கிலாந்து ராணிக்கு. பதிலுக்கு அவருக்கும் உறவினர், ஊழியர்களுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சத்துக்குக் குறையாமல், 5 லட்சத்துக்கு மேற்படாமல் பென்ஷன்.

இன்றைக்கு நம் சட்டத்தில், நீதிமன்ற அனுமதி இல்லாமல் தகப்பனே ஆனாலும் மைனரின் நிலத்தை விற்க முடியாது. விற்றால், பிள்ளை மேஜரான பிறகு வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். இங்கேயோ, விற்றவரும் வாங்கியவரும் காப்பாளரும் நீதிபதியும் ஒரே ஆள். அன்றைய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவின் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்கிறவர்களை நானும் படித்திருக்கிறேன். எனக்கு அது திருட்டாகத்தான் தெரிகிறது.

நாட்டுக்கு முன்பே தாயைப் பறித்துவிட்டார்கள். 1847 ஆகஸ்டில், தேஜ் சிங் என்பவருக்கு ராஜா பட்டம் கொடுக்கும் சடங்கு. மகாராஜாதான் நெற்றியில் திலகம் இட வேண்டும். ஒன்பது வயது நிறையாத பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, மாட்டேன் என்று நின்றுவிட்டது. எல்லாம் தாய் சொல்லிக் கொடுத்தது என்று, அந்த அம்மாளை ஷேக்குபுராவில் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு காசி, பிறகு சுனார் கோட்டை. 1849-இல் வேலைக்காரி வேஷத்தில் அங்கிருந்து தப்பி நேபாளம் போய்ச் சேர்ந்தார். நெஞ்சுரம் உள்ள பெண். பதின்மூன்று வருடத்துக்கு மேல் மகனைக் கண்ணால் பார்க்கவில்லை.

அந்த வருடங்களில் பிள்ளையை வேறு ஆளாக வளர்த்தார்கள். ஃபதேகட்டில் லாகின் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் பொறுப்பு. அவர் கெட்டவர் இல்லை; பிள்ளைமேல் பாசமாகவே இருந்தார். 1853-இல் துலீப் கிறிஸ்தவரானார், முடியை வெட்டினார்கள், மறுவருடம் இங்கிலாந்து. விக்டோரியா ராணி செல்லமாக நடத்தினார். பிள்ளை அரண்மனையில் நின்று ஓவியத்துக்குப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வெட்டிச் சிறுத்துப்போன அதே கோகினூரை அவர் கையில் கொடுத்துக் காட்டினார்கள். அவர் அதை ராணியிடமே திருப்பிக் கொடுத்தார். பதினைந்து, பதினாறு வயதுப் பையன் வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்.

1861 ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு ஹோட்டலில் தாயும் மகனும் சந்தித்தார்கள். அம்மாவுக்கு அதற்குள் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. மகனோடு லண்டன் வந்தார், இரண்டு வருடத்தில், 1863 ஆகஸ்டு 1 அன்று, இறந்துவிட்டார். உடலை லாகூருக்குக் கொண்டுபோக அரசு விடவில்லை; மகன் நாசிக்கில் கோதாவரிக் கரையில் எரித்தார். ஆனால் அந்த இரண்டே வருடத்தில், உன்னிடமிருந்து எடுத்தது எதுவென்று அந்த அம்மாள் மகனுக்குப் புரியவைத்துவிட்டார் என்றே நான் நம்புகிறேன். அதற்குப் பிறகுதான் அவர் கணக்குக் கேட்கத் தொடங்குகிறார்.

இங்கிலாந்தில் எல்வெடனில் அவருக்கு 17,000 ஏக்கர் எஸ்டேட், வேட்டை, விருந்து, கடன் எல்லாம் உண்டு. ஊதாரி என்று எழுதுகிறவர்கள் அதைப் பெரிதாக எழுதுவார்கள். கடன் உண்மைதான். ஆனால் பென்ஷன் கணக்கைக் காட்டு, என் குடும்பத்தின் சொந்த நிலங்களுக்குப் பதில் சொல் என்று அவர் கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை என்பதும் உண்மை. 1886-இல் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியில் ஏடன் துறைமுகத்தில் தடுத்துவிட்டார்கள். அங்கேயே சீக்கிய மதத்துக்குத் திரும்பினார். பிறகு ரஷ்யா போய் உதவி தேடினார், அதுவும் பலிக்கவில்லை. 1893-இல் பாரிஸில் இறந்தார். பஞ்சாப் மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை.

பிள்ளைகள் எட்டுப் பேர், வாரிசு யாருக்கும் இல்லை. மகள் சோஃபியா பெண்கள் வாக்குரிமைக்காக லண்டன் தெருவில் போலீசாரின் முன் நின்றவர். மூத்த மகள் பம்பா 1924-இல் பாட்டியின் அஸ்தியை நாசிக்கிலிருந்து லாகூருக்கு எடுத்துப்போய், ரஞ்சித் சிங்கின் சமாதியில் சேர்த்தார். லாகூரிலேயே வாழ்ந்து 1957-இல் இறந்தார். அந்தக் குடும்பத்தில் சொந்த ஊருக்குத் திரும்பிப்போனவர் அவர்தான்.

தெட்ஃபோர்டிலிருந்து எல்வெடன் பக்கம்தான். சர்ச் வளாகத்தில் துலீப் சிங்கின் கல்லறை இருக்கிறது, மனைவியும் ஒரு மகனும் பக்கத்திலேயே. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். கல்லில் அவரை என்னவென்று குறித்திருக்கிறார்கள் என்று முழுதாகப் படித்து, ஓர் எழுத்து விடாமல் எனக்கு எழுதி அனுப்பு. குளிர் அதிகமென்று சொன்னாய், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா