பின்னாலிருந்து தள்ளுகிற பெட்டி

களுவாஞ்சிக்குடி

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய நான்கு படங்களும் கிடைத்தன. உன் அம்மா படகைப் பார்த்தாள், நான் படகுக்குக் கீழே இருக்கும் டிரெயிலரைப் பார்த்தேன். டிரெயிலரின் முனையில் பூட்டி அதன் பிரேக்கை இயக்கும் ஆக்சுவேட்டர் இரண்டின் விலையையும் எழுதி, "எதை வாங்கலாம் அப்பா, சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். சுருக்கமாகச் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் எல்லாவற்றுக்கும் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய். பிறகு கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்கிக்கொண்டு வருவாய். எழுத்தில் இருந்தால் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

மண்டூர்த் துறை நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது எட்டு வயது. பெரும்போக அறுவடை முடிந்து, படுவான்கரை வயலிலிருந்து நெல்லை ஏற்றிக்கொண்டு, வாகனம் ஏற்றும் மிதவைப் படகான பாதையில் வாவியைத் தாண்டிக் குருமண்வெளிக்குக் கடக்க வந்தோம். உழவு இயந்திரப் பெட்டியில் முப்பத்தைந்து மூடை, மூடைகளுக்கு மேல் நீ. முதல் நாள் நல்ல மழை. துறைக்கு இறங்கும் சரிவில் பிரேக்கை மிதித்தேன். உழவு இயந்திரத்தின் பின்சில்லுகள் இரண்டும் நின்றுவிட்டன, ஆனால் நாங்கள் நிற்கவில்லை. பெட்டிக்கு ஏது பிரேக்? இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. இயந்திரம் கோணலாகத் திரும்பி, முன்சில்லு பாதையின் இரும்புத் தட்டில் முட்டி நின்றபோது தண்ணீருக்கு மூன்று முழம் மிச்சம். நீ விளையாட்டென்று நினைத்து மேலே இருந்து சிரித்தாய். எனக்குக் கால் நடுங்கி ஆசனத்தை விட்டு இறங்க முடியவில்லை. உன் அம்மா இன்றைக்கும் அதை மண்டூர் முருகன் கணக்கில்தான் எழுதுகிறாள்.

என் அப்பாவின் வண்டில் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. இறக்கத்தில் வண்டில் முன்னே தள்ளினால் நுகம் கொம்படிக்கு நழுவும். பழகிய மாடு தலையை உயர்த்தி, பின்னங்காலை ஊன்றி, பாரத்தைத் தாங்கித் தாங்கி இறக்கிவிடும். உன் டிரெயிலரில் உள்ள சர்ஜ் பிரேக் செய்வது அந்த மாட்டின் வேலை. முன்னால் போகும் வாகனம் வேகத்தைக் குறைத்ததும் டிரெயிலர் தன் போக்கில் ஓடப் பார்க்கும். அந்தத் தள்ளலில் ஆக்சுவேட்டரின் ஒரு பகுதி மற்றதற்குள் ஓர் அங்குலம் போல வழுக்கிப் போய், உள்ளே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டை அழுத்தும். பிரேக் எண்ணெய் குழாய் வழியே சில்லுகளுக்கு ஓடும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிடிக்கும். உன் வாகனத்தின் பிரேக்கோடு எதையும் இணைக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் முங்கி எழும் படகு டிரெயிலருக்கு, மின்சாரப் பிரேக்கை விட இதுதான் தோது.

இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று மருமகள் கேட்டாளாம். அபுதாபிப் படகுப் பட்டறையில் ஏழு வருடம் நான் கழற்றிப் பூட்டியது பாதிக்குப் பாதி இந்தச் சாமான்தான். உன் ரியூஷன் காசு அந்தத் துருவிலிருந்துதான் வந்தது என்று அவளிடம் சொல்.

சரி, எதை வாங்குவது? முதலில் எடை. விளம்பரத்தில் போட்டிருக்கும் படகின் எடையை நம்பாதே, அது வெறும் படகு உடலின் எடை. நான் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். உன் இருபத்தோரடிப் படகு 1,100 கிலோ என்று வை. எஞ்சின் 200. பெற்றோல் தாங்கி 200 லீற்றர் என்கிறாய், நிரப்பினால் அதுவே 150 கிலோ. பற்றரி இரண்டும் 50. நங்கூரம், கயிறு, மீன்பிடிச் சாமான், ஐஸ் பெட்டி என்று 100. டிரெயிலர் 400. மொத்தம் 2,000 கிலோ, அதாவது 4,400 பவுண்டு. உன் ஒன்ராறியோ மாகாணத்தில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெயிலருக்குப் பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வாகனத்தின் பின்னாலுள்ள இழுவை உருண்டையைக் கவ்வும் வெறும் கப்ளரைப் போடலாமா என்று நீ கேட்ட கேள்வி அத்தோடு முடிந்தது. அதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தாரோ, அவரை என் கண்ணில் காட்டாதே.

என்னுடைய கணக்கும் கணக்குத்தான். லொறி நிறுக்கும் தராசு எங்கே இருக்கிறதென்று விசாரித்து, எல்லாச் சாமானையும் ஏற்றியபடி ஒருமுறை நிறுத்துவிடு.

அடுத்தது ஏர்க்காலின் பாரம். டிரெயிலரின் முன்தண்டைப் புத்தகங்களில் வேறு பெயரால் சொல்வார்கள். நான் வண்டில்காரன் மகன், எனக்கு அது ஏர்க்கால்தான். அது உருண்டையின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதற்கும் ஆக்சுவேட்டரில் ஓர் எல்லை எழுதியிருக்கும். படகு டிரெயிலருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு சரி, உனக்கு 100 முதல் 200 கிலோ. குறைந்தால் பின்பக்கம் வாலாட்டும். குளியலறைத் தராசில் அளக்கலாம்: பலகையின் ஒரு முனை தராசில், மறுமுனை அதே உயரக் கல்லில். தராசிலிருந்து இரண்டு பங்கும் கல்லிலிருந்து ஒரு பங்கும் தூரத்தில் ஏர்க்காலை இறக்கு. தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை.

உருண்டைக்கு வருவோம். ஆக்சுவேட்டரின் கப்ளர் எந்த அளவுக்குச் செய்யப்பட்டதோ, அந்த அளவு உருண்டைதான் வாகனத்தில் இருக்க வேண்டும். உங்கள் பக்கம் 2 அங்குலமும் 2 5/16 அங்குலமும் ஓடுகின்றன. பெரிய கப்ளருக்குள் சின்ன உருண்டை அழகாகப் போய் உட்காரும். பூட்டும் பூட்டிக்கொள்ளும், கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. பள்ளத்தில் ஒருமுறை குதித்ததும் கழன்று போகும். அபுதாபியில் இன்னொரு வேடிக்கை: ஐரோப்பிய உருண்டை 50 மில்லிமீற்றர், அமெரிக்கக் கப்ளர் 2 அங்குலம், அதாவது 50.8. முக்கால் மில்லிமீற்றர்தானே என்று விடுவார்கள், வெள்ளைக்காரன் கணக்கில் இடைவெளி விட்டிருப்பான் என்பார்கள். தேய்ந்த உருண்டையென்றால் அந்த முக்கால் ஒன்றரையாகிவிடும். உருண்டையின் தலையில் அளவு பொறித்திருக்கும். அதைப் பார்த்த பிறகும் வேர்னியர் அளவுகோலால் ஒருமுறை அளந்து பார். பூட்டிய பின் ஜாக்கியால் ஏர்க்காலை மெல்லத் தூக்கு. வாகனத்தின் பின்பக்கம் சேர்ந்து எழும்பினால்தான் பூட்டு பிடித்திருக்கிறது.

இனி நீ கேட்ட இரண்டு சாமான்கள். மலிவானது 5,000 பவுண்டு, மற்றது 7,000. எடையை மட்டும் பார்த்தால் இரண்டும் தாங்கும், அதனால்தான் உன் மனம் பாதி விலையின் பக்கம் சாய்கிறது. நான்காவது படத்தைத் திரும்பப் பார். சில்லுக்குப் பின்னால் தட்டுத் தட்டாகத் தெரிவது டிஸ்க் பிரேக். மலிவான ஆக்சுவேட்டர் டிரம் பிரேக்குக்குச் செய்தது.

இதில்தான் நான் ஒருமுறை அடி வாங்கினேன். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பிரேக்கை விட்ட பிறகும் அது குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்குள் இருக்கும் சுருள்வில் பலமானது, அதை மீறி லைனிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். டிஸ்க்குக்கு அப்படி இழுக்கும் வில் கிடையாது, தகடு உரசிக்கொண்டே போகும். டிஸ்க்குக்கு எண்ணெய் அழுத்தமும் கூடுதலாக வேண்டும். இரண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கின்றன என்று ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில் நானே மாற்றிப் பூட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் நாற்பது நிமிடத்தில் தொலைபேசி எடுத்தார். போய்ப் பார்த்தால் சில்லிலிருந்து புகை, கிறீஸ் உருகித் தண்ணீராக வடிகிறது, தகடு நீலம் பாரித்துப் போயிருக்கிறது. என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போனது. ஆகவே கடையில் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது டிஸ்க்குக்கா, டிரம்முக்கா?

டிஸ்க்கென்றால் இன்னொரு செலவும் இருக்கிறது. பின்னோக்கிச் செலுத்தும்போதும் ஆக்சுவேட்டர் அழுங்கும், பிரேக் பிடிக்கும். சில டிரம்கள் பின்னோக்கும்போது தாமாகவே விட்டுக்கொடுக்கும்படி செய்தவை; டிஸ்க்குக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. உன் வீட்டு வாசல் மேடு என்று சொன்னாய், டிரெயிலரைப் பின்னோக்கி ஏற்றவே முடியாமல் போய்விடும். அதற்கு மின்சாரத்தில் வேலை செய்யும் ஒரு சொலனாய்டு வால்வு உண்டு. வாகனத்தின் ரிவர்ஸ் விளக்கு எரிந்தால் அது எண்ணெய் போகும் வழியை அடைத்துவிடும். அந்த மின்கம்பிக்கும் இடமிருக்கும் ஐந்து முனைச் செருகி டிரெயிலருக்கு வேண்டும். படத்தில் உன்னுடையது நான்கு முனை. விலையான ஆக்சுவேட்டரில் அந்த வால்வு சேர்ந்தே வருகிறதா என்று கேள். வராவிட்டால் அதையும் கூட்டிப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

போல்ட் போட்டுப் பூட்டுவதா, வெல்டிங் வைத்து ஒட்டுவதா? பூட்டுவதையே வாங்கு. உன் டிரெயிலர் துத்தநாகம் பூசியது. அதில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விடும், ஒட்டுகிறவனுக்கும் கேடு. நானே அந்தப் புகையைக் குடித்துவிட்டு இரவு முழுவதும் குளிரும் காய்ச்சலுமாகக் கிடந்திருக்கிறேன். ஏர்க்காலின் அகலத்தையும் இப்போதுள்ள போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்துகொண்டு போ. உனக்கு ஏரி, அதனால் உப்புத் தண்ணீர் இல்லையே என்று நினைப்பாய். உங்கள் நாட்டில் பனியை உருக்கப் போடும் உப்பு தெருவில் கிடக்கிறது. துத்தநாகம் பூசிய சாமானை எடு, வெறும் வர்ணம் அடித்ததை எடுக்காதே.

இரண்டாவது படத்தில் ஒன்று என் கண்ணைக் குத்தியது. டிரெயிலர் கழன்று போனால் இழுபட்டுப் பிரேக்கைப் போட்டுவிடும் அந்த மெல்லிய கம்பியை, பழைய சொந்தக்காரர் காவல் சங்கிலியின் கொக்கியிலேயே மாட்டி வைத்திருக்கிறார். அது வாகனத்தின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டியது. காவல் சங்கிலிகளை ஏர்க்காலுக்குக் கீழே குறுக்காக மாற்றி மாட்டு. அப்போதுதான் கழன்றாலும் ஏர்க்கால் அந்தப் பின்னலில் விழும், தெருவைக் குத்தாது. கம்பியின் நெம்புகோலும் ஒரு பல் ஏறியே நிற்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் பிரேக் பாதி பிடித்தபடிதான் ஓடியிருக்கும். சில்லு சூடாகிறது என்று நீ சொன்னதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பூட்டிய பின் குழாயில் காற்று இல்லாமல் எடுக்க வேண்டும். அதற்கு ஆக்சுவேட்டரைச் செய்தவர்கள் சொல்லும் பிரேக் எண்ணெய்தான், எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டும் படக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

400ஆம் நெடுஞ்சாலையில் இந்தப் பிரேக் உன்னைக் காக்கும். படகுத் துறையில் காக்காது. மண்டூரில் பெட்டி எனக்குப் பின்னால், மேட்டில் நின்று தள்ளியது. நீ பின்னோக்கி இறக்கும்போது டிரெயிலர் பள்ளத்தில் நின்று இழுக்கும். இழுத்தால் சர்ஜ் பிரேக்குக்கு வேலையே இல்லை. முழுப் பாரமும் வாகனத்தின் பிரேக்கில்தான். ஆகவே இறங்கி நிற்கும்போது வாகனத்தின் சில்லுக்குக் கட்டை வை. மரக்கட்டை இரண்டு போதும், அதற்கும் கடைக்குப் போகாதே.

தராசுச் சீட்டு, ஏர்க்கால் அகலம், உருண்டையின் தலையில் உள்ள எழுத்து, மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு ஒரே சொல்லில் பதில் சொல்கிறேன்.

அம்மா கேட்கச் சொன்னாள்: அந்த ஏரி மீன் கறிக்குச் சேறு மணக்குமா? மணக்குமென்றால் கொறுக்காய்ப் புளி அனுப்பப் பொதி தயாராக இருக்கிறது.

போகும் வழியில் படகுக்குள் உட்கார்ந்து வருகிறேன் என்று பேரன் கேட்பான். விடாதே. மூடைக்கு மேல் இருக்கப்போகிறேன் என்று நீயும் அன்று கேட்டாய், நான் ஏற்றிவிட்டேன்.

இப்படிக்கு
அப்பா