சின்னக் கல்லூரி வென்றாலும் கோப்பை கோப்பைதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி கட்டுரையைப் படித்தேன். பாஸ்டன், மிச்சிகன், மின்னசோட்டா என்று பெரிய பல்கலைக்கழகங்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தீர்கள், சரி. ஆனால் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்று பிரிவுகளில் கடைசியான, விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளை ஒரே வரியில் முடித்து, அவர்களுடைய கான்ஃபரன்ஸ் (சில கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் குழு) பட்டங்களை வெறும் வட்டாரக் கோப்பைகள் என்று ஒதுக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் பிரிவுக்கு 1948-லேயே தேசிய சாம்பியன்ஷிப் வந்துவிட்டது. இரண்டாம் பிரிவு 1978 வரைக்கும், மூன்றாம் பிரிவு 1984 வரைக்கும் காத்திருந்தன. அதுவரை கிழக்குப் பக்கத்துச் சின்னக் கல்லூரிக்கு ஈ.சி.ஏ.சி. என்ற கான்ஃபரன்ஸின் தொடரை ஜெயிப்பதுதான் உச்சம், அதற்கு மேல் ஆட இடமே இல்லை. போடன் கல்லூரியின் பயிற்சியாளர் சிட் வாட்சன் பேர் வாங்கியது அந்தத் தொடரில்தான். மூன்றாம் பிரிவின் சிறந்த ஆட்டக்காரருக்கு இன்றைக்குக் கொடுக்கிற விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

தேசியப் போட்டி வந்த பிறகும் எல்லோருக்கும் கதவு திறந்துவிடவில்லை. போடன், மிடில்பரி, வில்லியம்ஸ் எல்லாம் இருக்கும் நெஸ்காக் கான்ஃபரன்ஸ், படிப்பு கெட்டுவிடும் என்று தன் அணிகளை என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு 1993 வரை அனுப்பவே இல்லை. எவ்வளவு நல்ல அணியாக இருந்தாலும் ஈ.சி.ஏ.சி.யோடு சீசன் முடிந்தது. தடை விலகியதும் நடந்ததைப் பாருங்கள்: 1995 இறுதி ஆட்டத்தில் மிடில்பரி ஃபிரடோனியாவை 1-0 என்று வென்றது, அப்புறம் 1999 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தத் திறமை 1995-ல் திடீரென்று முளைத்ததா என்ன? முன்னால் ஆடியவர்களின் கணக்கு தேசியப் பட்டியலில் இருக்காது, கான்ஃபரன்ஸ் பட்டியலில்தான் தேட வேண்டும். அதனால்தான் அதை ஒதுக்காதீர்கள் என்கிறேன்.

இரண்டாம் பிரிவின் கதை இதைவிட வருத்தமானது. மின்னசோட்டா மாநிலத்தின் பெமிட்ஜி அணி 1983-84 சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 31-0 என்று பட்டம் வென்றது. அந்த வருடத்தோடு போட்டியையே நிறுத்திவிட்டார்கள். 1993-ல் மறுபடி தொடங்கினார்கள், பனியே அபூர்வமான அலபாமாவிலிருந்து ஹன்ட்ஸ்வில் அணி வந்து 1996-லும் 1998-லும் ஜெயித்தது. 1999-ல் வெர்மான்ட்டின் செயின்ட் மைக்கேல்ஸ் வென்றதோடு அதுவும் நின்றது, போதுமான கல்லூரிகள் இல்லை என்பது காரணம். செயின்ட் மைக்கேல்ஸ், செயின்ட் ஆன்செல்ம் போன்ற நார்த்ஈஸ்ட்-10 கான்ஃபரன்ஸ் அணிகளுக்கு அதன் பிறகு கான்ஃபரன்ஸ் கோப்பையைத் தாண்டி எதுவும் கிடையாது. அந்தப் பையன்களும் நாலு வருடம் அதே பனியில் விழுந்து எழுந்து ஆடுகிறவர்கள்தானே. ஒன்று அவர்களுக்கென்று தேசியப் போட்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் பிரிவுப் போட்டியில் இடம் தர வேண்டும். இரண்டும் இல்லாமல் விட்டிருப்பது அநியாயம்.

இன்னொன்று. நீங்கள் பாராட்டியிருந்த 2009, 2010-ல் முதல் பிரிவின் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃப்ரோஸன் ஃபோர் அரையிறுதி வரை வந்த பெமிட்ஜியும் ரோச்செஸ்டரின் ஆர்.ஐ.டி.யும் இந்தக் கீழ்ப் பிரிவுகளில் பட்டம் வென்று வளர்ந்து மேலே வந்த அணிகள். கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள், அதில் ஒரு பக்கமாவது நெஸ்காக்குக்கும் ஈ.சி.ஏ.சி.க்கும் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்