மாதத்தில் ஓர் இரவு தாருங்கள்: குமரி மாவட்டக் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்கள், அருட்தந்தையர், முதல்வர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே சில கல்லூரிகளின் கணினி நெட்வொர்க்கை ஒப்பந்தத்தில் பராமரிப்பவன் நான். கடந்த வாரம் ஒரு கல்லூரியில் சர்வரை ஓர் இரவு நிறுத்த அனுமதி கேட்டேன். "செமஸ்டர் முடியட்டும், ஓடுற சர்வரைத் தொடாதீங்க" என்றார்கள். போன செமஸ்டரிலும் இதே பதில்தான்.

ஓடுகிற அந்த விண்டோஸ் சர்வரில் ஸீரோலாகன் (Zerologon) என்ற பாதுகாப்பு ஓட்டை இன்னும் அடைபடவில்லை. அதை அடைக்கும் மென்பொருள் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2020 ஆகஸ்டிலேயே இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஆபத்தின் அளவுகோலில் 10-க்கு 10 பெற்ற ஓட்டை இது. அமெரிக்க அரசு 2020 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை அவசர உத்தரவு போட்டு, திங்கட்கிழமைக்குள் தன் துறைகள் எல்லாம் சர்வர்களைச் சரிசெய்ய வேண்டும் என்றது. நாம் செமஸ்டர் செமஸ்டராகத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

விவரம் உங்களுக்குத் தெரியும். முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்று முடிவுசெய்யும் தலைமை சர்வரான டொமைன் கண்ட்ரோலரிடம் ஒரு கணினி தன்னை நிரூபிக்கும் நெட்லாகன் முறையில், ஒவ்வொரு தடவையும் மாற வேண்டிய தொடக்க மதிப்பை எப்போதும் பூஜ்ஜியமாகவே வைத்துவிட்டார்கள். அதனால் வெறும் பூஜ்ஜியங்களை அனுப்பிக்கொண்டே இருந்தால், சராசரியாக 256 முயற்சியில் ஒன்றை சர்வர் நம்பிவிடும். தவறான முயற்சிகளுக்காகக் கணக்கு பூட்டிக்கொள்வதும் இல்லை. இதைக் கண்டுபிடித்த செக்யூரா நிறுவனத்தார் கணக்கில் சுமார் 3 விநாடி வேலை. அப்புறம் டொமைன் கண்ட்ரோலரின் பாஸ்வேர்டையே காலியாக்கி, முழு அட்மின் ஆகிவிடலாம். இதற்கு யூசர்நேம் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். நூலக மேசையில் ஒரு லேன் வயர் போதும். ஃபீஸ் கணக்கும் இன்டர்னல் மார்க்கும் அந்த சர்வரை நம்பித்தான் இருக்கின்றன.

இந்தக் கல்லூரியில் திருத்தத்தை ஒருமுறை போட்டோம். இரவில் செய்ய அனுமதிக் கடிதம் கிடைக்கவில்லை, கடிதம் இல்லாமல் காவலாளி சாவி தரமாட்டார். அதனால் பகலிலேயே போட நேர்ந்தது. 2021 பிப்ரவரி 9 முதல் வந்த அப்டேட்டுகள் பாதுகாப்பில்லாத நெட்லாகன் இணைப்புகளை மறுத்துவிடும். மார்க் ஷீட்டுகள் இருந்த பழைய ஸ்டோரேஜ் பெட்டி அப்படித்தான் நின்றுபோனது. அன்று பல்கலைக்கழகத்துக்கு மார்க் ஏற்றக் கடைசி நாள். ஆசிரியர்கள் அலுவலக வாசலில் நின்றார்கள். ஒரு ஆசிரியை, தன் வகுப்புப் பிள்ளைகளின் மார்க் போய்விட்டதோ என்று அழுதேவிட்டார். எதுவும் போகவில்லை. சர்வர் நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் லாகில் 5827 என்ற எண் எந்தக் கருவி மறுக்கப்பட்டது என்பதைத் தெளிவாகக் காட்டியது. அந்தப் பெட்டிக்கு மட்டும் குரூப் பாலிசி என்ற சர்வர் விதிகளில் தற்காலிக விலக்கு கொடுக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். கிடைக்கவில்லை. அப்டேட்டையே எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். இன்றுவரை அது திரும்ப ஏறவில்லை. இதே வேலையை இரவில் செய்திருந்தால் விடிவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன், மாதத்தில் ஓர் இரவு தாருங்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் லேப் சுவருக்கு ஒரே வாரத்தில் பெயிண்ட் அடிக்க முடிகிறது. நுழைவாயில் வளைவுக்குப் பணம் இருக்கிறது. சர்வர் அறையிலோ உடைந்த நாற்காலிகளும் பழைய விடைத்தாள் கட்டுகளும் கிடக்கின்றன. கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை என்று உள்ளூர் விடுமுறை விடும் நாட்களில்கூட அந்த அறையைத் திறந்துவிட ஆள் இல்லை. ஏதாவது நடந்தால் மட்டும் முதல் கேள்வி எங்களிடம் வரும். பிள்ளைகளின் விவரங்களைக் கேட்டு வாங்கிவைத்திருப்பது நீங்கள். காப்பாற்றும் பொறுப்பும் உங்களுடையதுதான்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் திருத்தங்கள் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகின்றன. அதற்கடுத்த சனிக்கிழமை இரவை சர்வர் பராமரிப்புக்கு என்று முதல்வர் கையெழுத்துடன் ஒரு நிரந்தர உத்தரவாகப் போட்டுத் தாருங்கள். சாவி அன்று காவலாளியிடம் இருக்கட்டும். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பான விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அதை மாற்றும் செலவை அடுத்த பட்ஜெட்டில் சேருங்கள். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம், ஏற்கெனவே வந்த திருத்தத்தை இந்த மாதமே போட அந்த ஓர் இரவைத் தாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்,
தக்கலை