பாப்பாவுக்கு, ரிப்போர்ட் எழுதுவதைப் பற்றி

பாப்பா,

போனில் நீ கேட்டதற்கு எழுத்திலேயே பதில் சொல்கிறேன், உனக்கும் எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கும். பிள்ளையை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், குழந்தைகள் நலக் குழுவில், அதான் கமிட்டியில், நாளைக்கே உளவியல் ரிப்போர்ட் கேட்கிறார்கள், எழுதிக் கொடுத்துவிடவா என்று கேட்டாய். முழு ரிப்போர்ட் கொடுக்காதே. ஒரு தடவை பார்த்தேன், பார்த்தவரை தெரிந்தது இவ்வளவு, இன்னும் பார்க்க வேண்டியது இது இது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடு, போதும். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுவர வேண்டும் என்பது கூட்டி வருகிறவர்களுக்கு உள்ள அவசரம். மற்றதற்கு 2015 இளைஞர் நீதிச் சட்டமே அவகாசம் கொடுத்திருக்கிறது, சமூக விசாரணைக்கு 15 நாள், கடைசி உத்தரவுக்கு நான்கு மாதம், 36-ஆம் பிரிவில் இருக்கிறது, கமிட்டி மேடத்திடம் பணிவாக அதை எடுத்துச் சொல். நீ புதுசு என்பதால் தயங்குவாய், தெரியும். ஆனால் அந்தத் தாள் பிள்ளையோடு ஒரு குழந்தைகள் ஹோமிலிருந்து இன்னொரு ஹோமுக்குப் போகும், அடுத்த ஊரில் இருக்கிறவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பைலைத்தான் திறப்பார்கள், நீ எழுதிய ஒரு வரியை வைத்துத்தான் அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டுக்கு விடுவதா என்றெல்லாம் முடிவு செய்வார்கள்.

ஹோமுக்கு வந்த மறுநாள் பிள்ளையை உட்காரவைத்து பினே-காமத் நுண்ணறிவு டெஸ்ட் போட்டால் என்ன வரும்? தூங்காத, சாப்பிடாத, அம்மா எங்கே என்று தெரியாத பிள்ளையின் எண் வரும். அந்த எண்ணை அறிவு என்று எழுதினால் அது பொய். அதனால் டெஸ்ட் பெட்டியைத் திறக்கிறதற்கு முன்னால் சாப்பிட்டதா, தூங்கியதா, கடைசியாக வீட்டு ஆளை எப்போது பார்த்தது என்று கேள். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று நீயே பார். வைன்லாண்ட், பிள்ளையைத் தெரிந்தவரிடம் அதன் அன்றாடத் திறனைக் கேட்டு நிரப்புகிற படிவம், அதைப் போடும்போது பதில் சொல்கிறவர் யார் என்று பார், இரண்டு நாளாக மட்டும் பிள்ளையைத் தெரிந்த வார்டனிடம் கேட்டு நிரப்பினால் அந்தப் படிவத்தால் ஒரு பயனும் இல்லை.

ஒரு பையன், ஊரையும் வயதையும் மாற்றித்தான் சொல்கிறேன், சேரன்மகாதேவிப் பக்கம் என்று வைத்துக்கொள், மிதமான அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதிய தாளோடு என்னிடம் வந்தான். நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அசையவே இல்லை. காதில் சீழ், எத்தனை வருஷமாகவோ. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காதுக்குக் காட்டி, மருந்து முடிந்த பிறகு, சொல்லுக்கு வேலை இல்லாத டெஸ்ட்களைப் போட்டேன். சீகன் பலகையில், கட்டைகளை அதனதன் குழியில் பொருத்துகிற பலகை அது, பத்துக் கட்டையையும் வயதுக்கு ஏற்ற வேகத்தில் எடுத்து வைத்தான். முன்னால் எழுதினவர் கெட்டவர் இல்லை, அன்றைக்கு அவரிடம் நிறையப் பிள்ளைகள் இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வரியால் அவன் பள்ளிக்கூடம் விட்டுப் போயிருந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம், சாமி விஷயம். நீ இப்போது இருக்கிற ஊரில் தெய்வத்தின் பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான். நம்ம பக்கம் சுடலைமாடனுக்குக் கொடை விழா நடத்துகிற வீட்டுப் பிள்ளை, தாத்தா கோமரத்தாடி, சாமியாடுகிறவர், அவன் உன்னிடம் வந்து, "ராத்திரி சொடலை வந்து வாசல்ல நிக்காரு" என்று சொன்னால் உடனே மாயக்காட்சி என்று எழுதப் பேனாவை எடுக்காதே. எப்போதிருந்து நிற்கிறார், என்ன செய்கிறார், அவரைப் பார்த்தால் பயமா தைரியமா, வீட்டில் வேறு யாருக்கும் அப்படி உண்டா, பகலில் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும் தெரிகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேள். அப்படி ஒரு பையன் என்னிடம் சொன்னது, சொடலை நின்றால்தான் தூக்கம் வருகிறது என்று. அது நோய் இல்லை, தெரியாத இடத்தில் படுத்திருக்கிற பிள்ளை தன் வீட்டுக் காவலைக் கூட்டி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான், நான் அப்படியே எழுதினேன். ஆனால் இதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் சாமிக் கணக்கில் தள்ளிவிடவும் கூடாது. ஒரு பெண்பிள்ளையை வீட்டார் கோயில் கோயிலாகக் கூட்டிப் போய்க் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள், அவளோ வாரக்கணக்கில் தூங்கவில்லை, குளிக்கவில்லை, யாரோ திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மனநல மருத்துவர் அன்றைக்கே தேவை. கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும் என்று அவள் ஆச்சியிடம் பேசித்தான் சம்மதிக்க வைத்தோம்.

ஏழ்மையை அலட்சியம் என்று எழுதாதே. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளில் மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, அம்மாவுக்கு இலையும் வெட்டிக்கொடுப்பாள். அவளிடம் பொம்மையைக் கொடுத்தால் விளையாட மாட்டாள், ஓரமாக அடுக்கி வைப்பாள். அதற்கு விளையாட்டில் ஆர்வமின்மை என்று பெயர் வைத்தால் நியாயமா? அவள் வேலை பார்ப்பது சரியில்லை, அதை நிறுத்த வழி தேடத்தான் வேண்டும், ஆனால் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிக்க அது காரணம் இல்லை. இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட கொள்கை.

போக்சோ வழக்கு, அதாவது பாலியல் குற்றத்துக்கு ஆளான பிள்ளைகளின் வழக்கு, அந்தப் பிள்ளைகளிடம் நீ போலீஸ் இல்லை என்பதை உன் உடம்பே சொல்ல வேண்டும். மாமா தொட்டாரா என்று கேட்காதே. "என்ன நடந்துச்சுன்னு சொல்லு", "அப்புறம்?", இந்த இரண்டும் போதும், நடுவில் மௌனம் வந்தால் இருக்கட்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே. உனக்குத் தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது, அதனால் இதை யார் யார் படிப்பார்கள் என்று ஆரம்பத்திலேயே பிள்ளைக்குப் புரிகிறபடி சொல்லிவிடு. சொல்லிவிட்டால் பிள்ளை பேசாது என்று நினைப்பாய், நான் பார்த்தவரை பெரும்பாலும் பேசத்தான் செய்கிறது. அதன் பேச்சை அது பேசினபடியே எழுது, நல்ல தமிழாகத் திருத்தாதே.

நீ அதிகம் பயப்படுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மதிப்பீட்டுக்கு என்று தெரியும். பதினாறு முடிந்த பையன், குறைந்தது ஏழு வருஷத் தண்டனை உள்ள குற்றம், அவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் பார்க்க வேண்டும், அதற்கு மூன்று மாதம். குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நம்மிடம் அதிகம் கேட்கிறார்கள். அவன் செய்தானா இல்லையா என்பது உன் கேள்வியே இல்லை, இது விசாரணை அல்ல என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. செய்யும் மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் திறன், எந்தச் சூழ்நிலையில் நடந்தது, இவைதான். இதில் சூழ்நிலையை எல்லாரும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள், நீ அப்படிச் செய்யாதே. நம்ம ஊர்ப் பையன்களை எடுத்துக்கொள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதாக வழக்கு ஆனது, அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது, மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்ற பரிந்துரையும் அதில் உண்டு. அந்தக் கயிற்றைப் பையன் கையில் முதலில் கட்டினது யார், அரிவாளை யார் கொடுத்தது, முந்தின இரவு போனில் யார் என்ன அனுப்பினார்கள், வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு யாராவது இருந்தார்களா, இதெல்லாம் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியவை. இன்றைக்கு உன் முன் உட்கார்ந்து அமைதியாகப் பதில் சொல்கிறவனின் நுண்ணறிவு ஈவை வைத்து, அன்றைக்குக் கூட்டத்தின் நடுவே ஆத்திரத்தில் நின்றவன் என்ன யோசித்தான் என்று சொல்ல முடியாது. முடியாது என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுது. அதே நேரம், ஏட்டி, வெட்டுப்பட்ட பிள்ளையும் பிள்ளைதான். இவன் மேல் இரக்கப்பட்டு அந்தக் காயத்தைச் சின்னதாக்கி ஒரு வரி எழுதிவிடாதே, பார்த்ததை மட்டும் எழுது.

உன் உடம்பையும் பார்த்துக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி பைலை அறைக்குக் கொண்டுபோகாதே. அங்கே உன் துறையில் மூத்தவர் ஒருவரைப் பிடித்துக்கொள், வாரம் ஒருமுறையாவது அவரிடம் உட்கார்ந்து பேசு, தனியாகச் சுமக்கிற வேலை இல்லை இது.

இன்னொன்று. எழுதினதை வாட்ஸ்அப்பில் அனுப்பவா, பார்த்துச் சொல்லுங்கம்மா என்றாய். அனுப்பாதே. பெயரை அடித்துவிட்டாலும் வேண்டாம். கமிட்டிக்குப் போகிற அறிக்கை ரகசியமானது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு சொல்கிறது, நான் உன் அம்மா என்பதால் அது மாறாது. அந்த மூத்தவரிடம் காட்டு. எந்த டெஸ்டை எப்போது போடுவது, எப்படிக் கேட்பது என்றால் எந்நேரமும் எனக்குப் போன் பண்ணு, பிள்ளை யார் என்று மட்டும் சொல்லாதே. என்னிடம் இருக்கிற படிவக் கட்டையும் சீகன் பலகையையும் திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன், வந்ததும் கட்டைகள் பத்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துச் சொல்.

அம்மா
பாளையங்கோட்டை