யார் அதிகம் பேசுகிறார்கள் என்பதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆண், பெண் குணங்களைப் பற்றி வந்த துணுக்குகளை வீட்டில் எல்லோரும் படித்தோம், சிரித்தோம். பொருளைத் தேடும் விதம், வழி கேட்கும் விதம், கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் என்று பாதிக்கு மேல் எங்களுக்கும் பொருந்தியது. ஆனால் ஒரு துணுக்கு மட்டும் சிரிப்பாக இல்லாமல் புள்ளிவிவரமாக அச்சாகியிருந்தது. பெண் ஒரு நாளைக்கு 20,000 வார்த்தை பேசுவாள், ஆண் 7,000 வார்த்தைதான் பேசுவான் என்று. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மற்றவர்களின் பேச்சை இணைத்துவிடுவதுதான் என் பிழைப்பு. யார் என்ன பேசுகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் பேச்சு தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் டிக்கெட்டில், அதாவது அந்த அழைப்புக்கான சீட்டில், எழுதியாக வேண்டும். மூன்று நிமிடம் முடிந்ததும் குறுக்கே போய், "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்று கேட்க வேண்டும். அதனால் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதற்கு நாங்கள்தான் கணக்குப்பிள்ளைகள்.

அந்த டிக்கெட்டுகளைப் பார்த்து இது ஆண் பேசிய கால், இது பெண் பேசிய கால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. காலை நேரத்தில் கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அதே மனிதர் ராத்திரி ஒன்பது மணிக்கு மகளின் பெயரைச் சொல்லி, அவள் வந்தால்தான் பேசுவேன் என்று புக் செய்வார். மூன்று நிமிடம் ஆகும். நீட்டிக்கச் சொல்வார். மறுபடியும் நீட்டிக்கச் சொல்வார். பெண்களும் அப்படித்தான். அலுவலகத்திலிருந்து பேசும்போது ஒரு பேச்சு, அம்மாவிடம் பேசும்போது ஒரு பேச்சு. நேரத்தைத் தீர்மானித்தது மறுமுனையில் இருந்த ஆள்.

வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது. நேரம் முடிந்தது என்று நான் குறுக்கே போகிற அந்த நொடியில் காதில் விழுவதை வைத்துச் சொல்கிறேன். பெண்கள் அவசர அவசரமாக எல்லோரையும் விசாரிக்கத் தொடங்குவார்கள். சின்னவனைக் கேட்டதாகச் சொல், பாட்டிக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று ஒரே மூச்சில் வரும். ஆண்கள் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். அப்புறம், எதற்காக அழைத்தார்களோ அந்த விஷயத்தை அப்போதுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கும். இரண்டுமே, லைன் போய்விடக் கூடாதே என்கிற பதற்றத்தில் வந்த பேச்சு.

என் அனுபவம் இருக்கட்டும், ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்கிறது. 2007-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கல்லூரி மாணவ மாணவியர் 396 பேரிடம், அவ்வப்போது சில விநாடிகள் தானாகவே பதிவுசெய்யும் சிறிய கருவியைக் கொடுத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 16,215 வார்த்தை, ஆண்கள் 15,669 வார்த்தை. 20,000 எங்கே, 7,000 எங்கே! ஐநூற்றுச் சொச்சம் வார்த்தை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகளாக இருந்தால் எப்படி என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2025-ல் அதே குழுவைச் சேர்ந்தவர்களும் வேறு பலரும் சேர்ந்து, எல்லா வயதிலும் 2,197 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பதின்வயதினரிடமும், இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களிடமும், 65 தாண்டியவர்களிடமும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 25-லிருந்து 64 வரை உள்ளவர்களிடம் மட்டும் இருந்தது. அந்த வயதில் பெண்கள் ஏறக்குறைய 3,000 வார்த்தை கூடுதலாகப் பேசுகிறார்கள். குழந்தை வளர்ப்பு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவதற்குள் எத்தனை வார்த்தை செலவாகும் என்பது அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வேலை யார் கைக்கு வருகிறதோ அவர்கள் அதிகம் பேசத்தான் வேண்டும். இன்னொன்று, ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம். நாள் முழுக்க 100 வார்த்தைகூடப் பேசாதவரும் அந்த ஆய்வில் இருக்கிறார், 1,20,000 வார்த்தைக்கு மேல் பேசியவரும் இருக்கிறார். அதன் பக்கத்தில் ஆண் பெண் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் லேத் பட்டறையில் டர்னர். மெஷின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. கை ஜாடையில்தான் எல்லாம். எட்டு மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வீட்டுக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டு வருவார். நானோ எட்டு மணி நேரம் ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, "பேசுங்க, பேசுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவள். எனக்கு வேண்டியது கொஞ்ச நேரம் நிசப்தம். பெண் பேசுவாள், ஆண் கேட்பான் என்ற துணுக்கு எங்கள் வீட்டில் தலைகீழ். அதற்காக அவர் பெண்மாதிரியும் நான் ஆண்மாதிரியும் ஆகிவிடவில்லை. இருவரும் செய்த வேலை அப்படி. நான் முகம் கழுவி உட்காரும்வரை அவர் காத்திருப்பார். உட்கார்ந்ததும், "ஏம்மா, இப்ப சொல்லலாமா?" என்று கேட்பார். "சொல்லுங்க" என்பேன். அன்றைக்கு எந்த மெஷின் எப்படிச் சத்தம் போட்டது, யார் என்ன ஜாடை காட்டியது யாருக்குத் தப்பாகப் புரிந்தது என்று எல்லாம் வரும். என் கல்யாண வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான நேரம் எது என்று கேட்டால், யோசிக்காமல் அந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த பெரிய விஷயம். அந்த 2025 ஆய்விலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. யார் அதிகம் என்ற சண்டையில் அது யார் கண்ணிலும் படவில்லை. 2005 வாக்கில் மனிதர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 16,000 வார்த்தை பேசினார்கள். 2018-ல் அது 13,000 ஆகிவிட்டது. ஆணுக்கும் குறைந்திருக்கிறது, பெண்ணுக்கும் குறைந்திருக்கிறது. கைபேசியில் தட்டச்சு செய்து அனுப்புவது கூடிப்போனதால் இருக்கலாம் என்று சொல்கிறார்கள்.

3,000 வார்த்தை என்றால் நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய இருபது நிமிடம். என் கணக்கில் ஆறேழு டிரங்க் கால். ஒவ்வொருவரிடமிருந்தும் தினமும் ஆறேழு கால் அளவு பேச்சு காணாமல் போயிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. மூன்று நிமிடப் பேச்சுக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடந்த மனிதர்களை எனக்குத் தெரியும். லைன் கிடைத்ததும் அவர்கள் குரலில் வந்த தெம்பும் தெரியும்.

காணாமல் போனது எந்தப் பேச்சு என்று யோசித்துப் பார்த்தேன். அவசியமான பேச்சு போயிருக்காது. அதை எப்படியாவது பேசிவிடுவோம். போனது வெட்டிப் பேச்சு. "அங்க பாரேன், அந்தப் பூனை மறுபடியும் அதே சுவர்மேல உக்காந்திருக்கு" என்கிற மாதிரிப் பேச்சு. அதில் தகவல் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் அன்றாடம் கிடைக்கிற சந்தோஷத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜான் காட்மன் என்கிற அமெரிக்க உளவியலாளர் புதிதாகக் கல்யாணமான தம்பதியரை ஒரு வீடு போன்ற ஆய்வகத்தில் தங்கவைத்து, அவர்கள் பேசுவதைக் கவனித்தார். சண்டையை மட்டும் அவர் கவனிக்கவில்லை. ஒருவர் இப்படி ஒன்றுமில்லாத விஷயத்தைச் சொல்லும்போது மற்றவர் திரும்பிப் பார்த்து ஏதாவது பதில் சொல்கிறாரா என்பதையும் எண்ணினார். ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், சேர்ந்து இருந்தவர்கள் அப்போது 100-க்கு 86 முறை பதில் சொன்னவர்கள். பிரிந்துபோனவர்கள் 33 முறைதான் சொல்லியிருந்தார்கள். நீளமான பதில் வேண்டியதில்லை. "ஆமாம்ல" என்றாலே போதும்.

வேறுபாடுகளைப் பற்றிச் சிரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சிரிப்பதற்கு நிஜமான வேறுபாடுகளே இருக்கின்றன, அவற்றைப் போடுங்கள். மின்விசிறிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேகத்தைக் கூட்டுவார், இன்னொருவர் எழுந்துபோய்க் குறைப்பார். அதற்குப் பின்னால் உடம்பின் காரணம் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெண் உடம்பு சராசரியாகக் கொஞ்சம் குறைவான வெப்பத்தைத்தான் உண்டாக்கும். அலுவலகக் கட்டடங்களில் எவ்வளவு குளிர் வைப்பது என்பதற்கான கணக்கு 1960-களில் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஆணை வைத்துப் போடப்பட்டது என்று 2015-ல் வந்த ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறவர் வேண்டுமென்றே செய்யவில்லை, பாவம்.

சிவப்பு, பச்சை நிறக்குழப்பம் இன்னொன்று. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும். ஆணுக்கு ஒன்றுதான். அதனால் சில மக்கள் கூட்டங்களில் ஆண்களில் 100-க்கு எட்டுப் பேர்வரை இந்தக் குழப்பத்தோடு இருக்கிறார்கள், பெண்களில் மிகச் சிலரே. என் அண்ணன் அவர்களில் ஒருவர். தினமும் காலையில் சட்டையைக் கையில் தூக்கிப் பிடித்து, "இது என்ன கலரு?" என்று அண்ணியைக் கேட்பார். அண்ணி உண்மையான நிறத்தோடு நிறுத்தமாட்டார். "பச்சைதான். போன கல்யாணத்துக்குப் போட்டது. எடுப்பா இருக்கும், போடுங்க" என்பார். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை. அண்ணன் சட்டைகளுக்கு அடையாளம் வைத்துக்கொள்ள எத்தனையோ வழி உண்டு. அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று அண்ணிக்கும் தெரியும்.

ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இணைப்பிதழில் வாரம் ஒரு கால்பத்தி இடம் ஒதுக்குங்கள். "இன்று வீட்டில் சொன்னது" என்றோ வேறு எப்படியோ தலைப்பு இருக்கட்டும். கணவன், மனைவி, அக்கா, தம்பி, தாத்தா என்று யாராவது அன்றைக்குச் சொன்ன ஒன்றுமில்லாத ஒரு விஷயத்தையும், அதற்குக் கிடைத்த பதிலையும் வாசகர்கள் நாலு வரியில் எழுதி அனுப்பட்டும். ஆண்களையும் தயங்காமல் எழுதச் சொல்லுங்கள். எழுத நிறைய வைத்திருப்பார்கள். இடம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், கடைசி நிமிடத்தில் ஆரம்பித்தாலும் ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் வாரத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒன்று, நேற்று ராத்திரி நடந்தது.

அவர்: "ஏம்மா, ஃபேன் சத்தம் மாறிடுச்சு கவனிச்சியா? பேரிங் தேயுது."

நான்: "கவனிச்சேன். முதல்ல மெதுவா ஒரு டிக், அப்புறம் பலமா ஒரு டிக்."

அவர்: "அட! நீ பட்டறைக்கு வந்திருக்கலாம்."

இப்படிக்கு,
உங்கள் பத்திரிகையின் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்