பதினைந்து விநாடித் தலைவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1954-இல் முதலமைச்சரான காமராசர், சட்டமன்றத்துக்குப் போட்டியிட எங்கள் குடியாத்தத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். கைலி நெய்துகொண்டிருந்த என் அப்பா, அந்த இடைத்தேர்தலின்போது அவரை ஒரே ஒரு முறை பார்த்தார். கதர்ச் சட்டைக் கை முழங்கையைத் தாண்டித் தொங்கியதை, கும்பிட்ட கையை இறக்காமலே போனதை, தறியில் உட்கார்ந்தபடி எங்களுக்கு நடித்துக் காட்டுவார். சாகும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. அப்புறம் காமராசரை அவர் பார்த்ததெல்லாம் பள்ளிக்கூடமாகவும் மதிய உணவாகவும்தான். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் படித்தவன் நான்.

இப்போது தலைவர்களின் முகம் பல் தேய்க்கும்போதே செல்போனில் வந்துவிடுகிறது. சென்னை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பத்து மைக்கை நீட்டுகிறார்கள். மழை, சினிமா, கிரிக்கெட், கூட்டணி, எல்லாவற்றுக்கும் நின்ற இடத்திலேயே பதில் வேண்டும். பேசாமல் நகர்ந்தால் ‘பதிலளிக்காமல் சென்றார்’ என்று திரையில் எழுத்து ஓடுகிறது. காமராசர் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்பார். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வது அன்று குறையாகத் தெரியவில்லை.

வேலூர் கோட்டை மைதானத்தில் ஒரு தலைவரின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கட்சியைச் சொல்லவில்லை, எல்லாக் கட்சிக்கும் இதே கதிதான். முக்கால் மணி நேரம் பேசினார். தோல் கழிவால் பாலாறு பாழானதை, கிணற்றுத் தண்ணீர் வாய்க்கு வைக்க முடியாமல் போனதை, 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் பிரச்சினை தீராததை ஊர் ஊராகச் சொன்னார். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. மறுநாள் சலூனில் ஒரு பையன் வீடியோ காட்டினான். பதினைந்து விநாடி இருக்கும். ‘வாணியம்பாடி’ என்று சொல்ல வந்து அவருக்கு நாக்குக் குழறிய இடம் மட்டும், பின்னணியில் ஒரு சினிமா வசனத்தோடு. கடையே சிரித்தது. எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பையனுக்கு அவர் இனி அவ்வளவுதான்.

கேமராவால் நன்மையும் உண்டு. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் அதிகாரியை மிரட்டுவதும் வெளியே வருகின்றன, வரட்டும். என் கவலை வேறு. தலைவர்களும் இப்போது அந்தப் பதினைந்து விநாடியை நினைத்தே பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டி எடுக்கத் தோதாக ஒரு வசைச்சொல், ஒரு பஞ்ச் வசனம். பாலாற்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேச இன்னொருவர் ஏன் சிரமப்படப் போகிறார்?

தங்கள் பத்திரிகை ஒன்று செய்யலாம். என் சிறுவயதில் தலைவர்களின் பேச்சைப் பத்திரிகையில் பத்தி பத்தியாகப் போடுவார்கள். டீக்கடையில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்போம். வாரத்துக்கு ஒரு பேச்சாவது, எந்தக் கட்சியானாலும் சரி, வெட்டாமல் முழுதாக வெளியிடுங்கள். அந்தச் சலூனில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.